மாரப்பன் பொத்தானை அமுக்கிய நேரம்

பத்து ஐந்து. சோதனையை ஓடவிட்டேன். இனி முப்பத்தேழு நிமிடம் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை, தண்ணீர் பாட்டிலைக்கூட முன்னாலேயே நிரப்பி வைத்துக்கொண்டேன், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாயிற்று, கீழே மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டுகிற பட்டறையிலிருந்து வார்னிஷ் வாடை ஏறி வருகிறது, வரட்டும், ஆறு வருஷமாக இந்த வாடையில்தான் கோட் எழுதுகிறேன். முடிவு எனக்குத் தெரியும். நேற்று மாலை அந்த லாக் கோப்பை, பேனல் நேரம் போட்டு எழுதும் பதிவை, திறந்து எட்டு ஐம்பத்தொன்று என்ற இடத்துக்கு வந்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்தால் போதாது, பதினொரு மணிக்கு விசாரணை, பல்லடத்துக்குத் தெற்கே ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் மேனேஜர் பூபதி உட்கார்ந்திருப்பார், அந்தப் பக்கம் மாரப்பன் நிற்பார், உட்காரச் சொல்வார்களா தெரியாது, ஐம்பத்திரண்டு வயது, பேனலைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர். அவர் மீது குற்றச்சாட்டு ஒரே வரிதான். செவ்வாய்க்கிழமை காலை எட்டு பதினாலுக்குக் குளிரூட்டும் கம்ப்ரஸர் நின்றது, பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஆபரேட்டர் எட்டு ஐம்பத்தொன்றுக்குத்தான் 'பார்த்துவிட்டேன்' பொத்தானை அமுக்கினார், நடுவில் முப்பத்தேழு நிமிடம் எங்கே போனாரோ, அப்போதுதான் ஏற்றிய காலைப் பால், இன்னும் சரியாகக் குளிராதது, பன்னிரண்டாயிரம் லிட்டரும் திரிந்துபோனது. இப்படிச் சொல்வது பூபதி அல்ல. என் புரோகிராம். லாக் எழுதுகிற பகுதியை முழுக்க எழுதியவள் நான், கோகிலவாணி, அச்சடித்த அறிக்கையின் அடியில் எங்கள் கம்பெனி பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது.

திரையை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். இடது பக்கம் டெர்மினல், நேராகத் திரைக்கு வருவது, வலது பக்கம் லாக் கோப்பு, நிலையத்தில் மாதிரி பைப் வழியாக வருவது. பேனலுக்குள் நான்கு ப்ராசஸ் ஓடும், நான்கு ஆட்கள் மாதிரி, ஒருவன் வெப்பநிலையைப் படிப்பான், ஒருவன் அபாய விளக்கு போடுவான், ஒருவன் பொத்தான்களைக் கவனிப்பான், நாலாவது ஆள் மற்ற மூவரும் சொல்வதை வாங்கி நேரம் போட்டு எழுதி வைப்பான். ஷிஃப்ட் ஏறும் பொத்தான், தொட்டி கலக்கும் பொத்தான் இரண்டையும் ஓடவிட்டதுமே அமுக்கியிருந்தேன். பத்து ஐந்துக்குச் சிவப்பு விளக்கு, இரண்டு பக்கமும் வரி வந்தது. பத்து ஏழுக்கு நானே பொத்தானை அமுக்கினேன், இரண்டு நிமிடம் என்பது நானாக வைத்துக்கொண்ட கணக்கு, ஒரு மனிதர் திரும்பிப் பார்த்து எழுந்து போக. இடது பக்கம் பளிச்சென்று வரி விழுந்தது, பத்து ஏழு, பொத்தான், பார்த்துவிட்டேன். வலது பக்கம் ஒன்றும் இல்லை. இப்போதும் இல்லை. பத்து ஒன்பது ஆகிறது, இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, தனியாக உட்கார்ந்து சிரித்தேன், பார்த்தாயா, இதைத்தான் சொன்னேன். எதிரே ஆள் இருந்தால் பேசுவான், ஆள் இல்லை குழாய்தான் என்றால் சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாகக் கொட்டுவான், கம்ப்யூட்டரின் பிறவிக் குணம் அது. டெர்மினல் என்றால் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் அனுப்பும். அதே சொல் இன்னொரு ப்ராசஸுக்குப் பைப் வழியாகப் போகிறது என்றால் ஒரு பையில் போட்டு வைக்கும், பை நிறையவேண்டும், அல்லது ஆளை நிறுத்தவேண்டும், அப்போதுதான் பையைக் கவிழ்க்கும். என் கணவர் முரளியும் இப்படித்தான். அவர் வேலை பார்க்கிற ஃபவுண்டரிக்குள் சிக்னல் கிடையாது, உள்ளே போகுமுன் நான் அனுப்பி வைத்த கேள்விகளுக்கெல்லாம் வேலைக்கு நடுவே பதிலைப் போட்டுக்கொண்டே இருப்பார், சாப்பாட்டுக்கு வெளியே வந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து விழும், சரி, சரி, வேண்டாம், சரி, வாங்கிட்டேன். எந்தச் சரி எதற்கு என்று பிரிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும். ஒருநாள் இன்ஷூரன்ஸைக் கட்டட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன், அது முருங்கைக்காய்க்குச் சொன்ன வேண்டாம். ஆனால் அவருடைய ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் போடுவது என் கைப்பேசி, ஒன்று இருபது, ஒன்று இருபது, ஒன்று இருபது. அவர் பேசிய நேரம் இல்லை அது. என்னை வந்து சேர்ந்த நேரம்.

நேற்று அதைத்தான் பார்த்தேன். எட்டு ஐம்பத்தொன்று எட்டு நொடி. பதினோரு வரி, பதினொன்றும் அதே நொடி. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் ஏறியதற்கான பொத்தான் அங்கே, ஆறரைக்குத் தொட்டியைக் கலக்கிவிடும் பொத்தான் அங்கே, எல்லாம் எட்டு ஐம்பத்தொன்று எட்டு. ஒரு மனிதர் ஒரு நொடியில் பதினோரு பொத்தான் அமுக்கினாராம், அதுவும் ஷிஃப்ட் ஏறியதிலிருந்து வரிசை மாறாமல். அச்சடித்த அறிக்கையில் இது தெரியாது, அபாயம் எப்போது, ஆபரேட்டர் அதைப் பார்த்து ஏற்றுக்கொண்டது எப்போது, இரண்டு நேரத்தை மட்டும் பொறுக்கிப் போடும், அந்த அறிக்கையை வடிவமைத்தவளும் நான்தான், அழகாக இருக்கவேண்டும் என்று. மாரப்பன் போன் செய்திராவிட்டால் கோப்பையே திறந்திருக்க மாட்டேன். பேனல் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து அடித்திருக்கிறார், நேற்று நாலரை மணிக்கு, எடுத்தவுடன், "ஏனுங்க, இந்தப் பொட்டி செஞ்ச கம்பெனிங்களா" என்றார். ஆமாங்க, சொல்லுங்க. "நான் மாரப்பன் பேசறனுங்க, பால் ஸ்டேசன்ல இருந்து. இப்ப என்னைய உள்ள விடறதில்லீங்க, வெளிய ரோட்டுல நின்னு பேசறன். மேடமுங்க, லைட்டு எரிஞ்சதுமே அமுக்கிட்டனுங்க. அமுக்கிட்டுப் பின்னால ஓடிப் பார்த்தா பெல்ட்டு அறுந்து கெடக்குது. டிபனுக்குப் போயிட்டாங்க எல்லாரும், நான் ஒருத்தனே வேற பெல்ட்டை மாட்டி ஓட்டிவிட்டுட்டு வந்துதான், செகப்பு லைட்டு போகட்டும்னு பொட்டிய ஒருக்கா அணைச்சுப் போட்டன். உங்க காயிதத்துல வேற மாதிரி வருதுன்னு சொல்றாங்க." அறுந்த பெல்ட்டைக் காட்டினீங்களா என்று கேட்டேன். "காட்டுனனுங்க. பழைய சாமான்ல இருந்து பொறுக்கிட்டு வந்தியான்னு கேட்டாங்க." பிறகு, குரலைத் தாழ்த்தி, எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்பது மாதிரி, "மிசினு பொய் சொல்லுதுன்னு நான் சொல்ல வரலீங்க மேடம். பத்தொம்போது வருசமா மிசினோடதான் நிக்கறன். அது என்ன பார்த்துச்சுன்னு ஒருக்கா கேட்டுச் சொல்லுங்க, அவ்வளவுதான்." அது என்ன பார்த்தது என்று கேட்டுச் சொல்லுங்கள். பதினான்கு வருஷமாக நான் செய்கிற வேலை என்னவென்று என் மாமியாருக்கு இன்றுவரை விளக்க முடியவில்லை, இந்த மனிதர் ரோட்டில் நின்றபடி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

பத்து பதினாறு. வலது பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. நல்லது. அந்த ஒரு வரியைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், அப்படிப் பார்க்கும்போதே நினைத்தாயிற்று. உடனே அனுப்பு என்று ஒரு கட்டளை. பழைய பதிப்பில் ஒவ்வொரு ப்ராசஸிலும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அது இருந்தது, பையில் போடாதே, உடனே அனுப்பு. மூன்றாம் பதிப்பில் நான் எடுத்தேன். எல்லாவற்றிலும் இல்லை, வெப்பநிலையிலிருந்து எடுத்தேன், அது நொடிக்கொரு எண் சொல்கிறவன், பை தானாக நிறைந்துவிடும். அபாய விளக்கில் எடுக்கவில்லை, அது முக்கியம் என்று விட்டுவைத்தேன். பொத்தானில் எடுத்தேன். அன்றைக்கு என்ன நினைத்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது, மறந்திருந்தால் நிம்மதி. ஆள் அமுக்குவதுதானே, கொஞ்சம் தாமதமாக எழுதினால் என்ன. இயந்திரம் சொல்வது உடனே வரவேண்டும், மனுஷன் செய்தது மெல்ல வரலாம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானாகவே அப்படித் தரம் பிரித்தேன், டீ குடித்துக்கொண்டே. பிறகு டெஸ்ட் ஓட்டினேன். இருநூற்றுப் பதினெட்டு டெஸ்ட், அத்தனையும் பச்சை. ஏன் பச்சையாகாது, என் டெஸ்ட் எல்லாம் டெர்மினலைத்தான் பார்த்தது, நான்கு ப்ராசஸையும் தனித்தனியாகத் திரையில் ஓட்டி, வரி வந்ததா, வந்தது, சரி. நிலையத்தில் பெட்டிக்குத் திரை கிடையாது, எல்லாம் பைப். எதிரே ஆள் இருக்கும்போது ஒழுங்காகப் பேசுகிறவனை எதிரே உட்கார்ந்து சோதித்திருக்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் பதிப்பை ஏற்றினோம், செவ்வாய்க்கிழமை காலையில் பெல்ட் அறுந்தது. ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. சரி. தப்பு நடந்த இடம் எனக்குக் கையால் தொட்டுக் காட்டுகிற அளவுக்குத் தெரிகிறது, அதனால் எனக்குப் பயம் இல்லை. கையாலாகாதவர்களுக்குத்தான் தப்பு எங்கே என்று தெரியாது. எனக்குத் தெரியும், எத்தனையாவது வரி என்றுகூடத் தெரியும், நானூற்று ஆறு.

எட்டாம் வகுப்பில் நான் கிளாஸ் லீடர். டீச்சர் வெளியே போனால் போர்டில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு எழுதுவேன், சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் எனக்கு ஒரு கம்பீரம், யாருக்கும் சலுகை காட்டியதில்லை, என் பக்கத்து சீட்டுக்காரியையே எழுதியிருக்கிறேன். ஒருநாள் அமலோற்பவம் பெயரை எழுதினேன். பின்னால் சத்தம் கேட்டது, திரும்பினேன், அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது, எழுதிவிட்டேன். கணக்கு டீச்சர் வந்து அவளை வெயிலில் நிற்கவைத்தார், மே மாதம் நெருங்குகிற வெயில். சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில்தான் தெரிந்தது, பேசியது அவளுக்கு முன்னால் இருந்தவள், அமலி அவளிடம் 'பேசாதடி, எழுதிருவா' என்று சொல்லியிருக்கிறாள். அதைத்தான் நான் திரும்பிப் பார்த்தேன். நான் பொய் எழுதவில்லை, அவள் வாய் அசைந்தது நிஜம், இதைச் சொல்லி இத்தனை வருஷம் சமாளித்திருக்கிறேன், எப்போதெல்லாம் ஞாபகம் வருகிறதோ அப்போதெல்லாம் உடனே இந்தப் பதிலும் வந்துவிடும். நான் பார்த்ததை எழுதினேன். பார்க்கத் தொடங்கிய நேரத்திலிருந்து எழுதினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா. இல்லை. மறுநாள் அவள் பெயரை அழித்துவிட்டுப் போர்டைச் சுத்தமாகத் துடைத்தேன், அதுவே போதும் என்று நினைத்திருக்க வேண்டும். ஏன் இப்போது அமலி. மாரப்பனுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம், இவர் ஐம்பத்திரண்டு வயதுக்காரர், அவள் இரட்டைப் பின்னல். மனசு இப்படித்தான், ஒரு வேலையைக் கொடுத்து உட்காரவைத்தால் வேறெங்கோ போய் எதையாவது கிளறிக்கொண்டு வரும். திரையைப் பார். பத்து இருபத்து மூன்று. வெறுமை.

கதிர்வேல் சார் வந்தார். கம்பெனி அவருடையது, ஒன்பது பேர் வேலை பார்க்கிறோம், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, கவலைப்பட்டால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே வந்தார். நாற்காலியை இழுத்துப் போடாமல் பின்னாலேயே நின்று, "என்னாச்சு வாணி" என்றார். நினைச்ச மாதிரிதான் சார். "அதாவது, நம்ம தப்பு." நம்ம தப்புதான் சார், என் தப்பு. "அப்படிப் பிரிச்சுப் பேசாத. வெளிய போனா கம்பெனி தப்புதான்." கொஞ்ச நேரம் வலது பக்க வெறுமையைப் பார்த்தார். "அவங்களுக்கு இன்னும் ஆறு ஸ்டேசன் இருக்கு. அடுத்த மாசம் முடிவு பண்றாங்க. இப்பப் போயி எங்க லாக்கை நம்பாதீங்கன்னு நாமளே சொன்னா..." முடிக்கவில்லை. நான் திரும்பவில்லை, திரும்பினால் அவர் முகத்தைப் பார்த்து இளகிவிடுவேன், எனக்கு முதல் வேலை கொடுத்தவர் இல்லை, ஆனால் குழந்தை பிறந்து நாலு வருஷம் வீட்டில் இருந்தவளைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டவர். "ஆராய்ஞ்சுகிட்டு இருக்கோம், ரெண்டு வாரத்துல சொல்றோம்னு இன்னிக்கு சொல்லலாம். பொய் இல்லையே அது" என்றார். பொய் இல்லை சார். ஆனா அவரை இன்னிக்குப் பதினோரு மணிக்கு அனுப்பிருவாங்க. "சஸ்பெண்டுதான் பண்ணுவாங்க, வாணி." பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த இடத்துக்கு வெளிய இப்ப ரோட்டுல நின்னு பேசறாரு சார். கீழே ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள், கிர்ரென்று ஏறி அடங்கியது. நான் சொன்னேன், சார், நாம சொல்லாட்டி அடுத்த ஆறு ஸ்டேசனிலயும் இதே பொட்டியைத்தான் வைப்போம், அங்கயும் ஒரு ஆள் அமுக்குவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார் போல, சட்டைப் பையில் துணியைத் திணிக்கிற சத்தம். "எவ்வளவு நேரம் இருக்கு?" பதினாறு நிமிஷம் சார். "மூணு நிமிஷத்துல காட்ட முடியாதா?" முடியும், நேற்றே காட்டினேனே, நீங்கதானே அதே நேரம் ஓட்டு, இல்லாட்டி அது வேற இது வேறன்னு பூபதி சொல்வார்னீங்க. "ஆமா. சொன்னேன்" என்றார், அதற்காக வருத்தப்படுகிறவர் மாதிரி, போய்விட்டார்.

பத்து இருபத்தெட்டு, வலது பக்கம் வரி. ஒரு வரி இல்லை, மடமடவென்று, பத்து, முப்பது, ஐம்பது, திரை ஏறிக்கொண்டே போகிறது, பொத்தான் பை கவிழ்ந்துவிட்டதா, அப்படியென்றால் என் கணக்குத் தப்பு, நடுவிலேயே கவிழும் என்றால் எட்டு ஐம்பத்தொன்றில்தான் கவிழவேண்டும் என்று இல்லை, அப்படியென்றால் அந்தப் பதினோரு வரிக்கும் வேறு காரணம், அப்படியென்றால் மாரப்பன். ரோட்டில் நின்று பேசிய குரல் ஒரு கணம் வேறு மாதிரி கேட்டது, நன்றாகப் பேசத் தெரிந்த ஆளின் குரலாக. ஒரு கணம்தான். இருந்தாலும் கேட்டது, அதை மறைக்கமாட்டேன். பிறகு படித்தேன், பயப்பட்டால் படிக்கவேண்டும், பதினான்கு வருஷத்தில் கற்ற ஒரே பாடம் அதுதான். வெப்பநிலை ஏழு புள்ளி ஒன்று. வெப்பநிலை ஏழு புள்ளி ஒன்று. வெப்பநிலை ஏழு புள்ளி இரண்டு. எல்லாமே வெப்பநிலைக்காரனின் வரி, நொடிக்கொரு தரம் பேசுகிறவன். ஆனால் அவன் பை ஒரு நிமிடத்துக்கொரு தரம் கவிழ்ந்துகொண்டேதானே இருக்கவேண்டும், இவ்வளவு நேரம் ஏன் வரவில்லை. ஓ. அந்த வரிகளைத் திரையிலிருந்து மறைத்து வைத்திருந்தேன், இரைச்சல் வேண்டாமென்று, சார் பேசிக்கொண்டிருக்கும்போது முழங்கை விசைப்பலகையில் பட்டு மறைப்பு விலகியிருக்கிறது. மறுபடி மறைத்தேன். வெறுமை திரும்பியது. தண்ணீர் குடித்தேன், பாட்டில் மூடி கீழே விழுந்தது, குனியவில்லை. கெட்டிக்காரி. ஒரு முழங்கைக்குப் பயந்துவிட்டாய்.

இன்னும் பன்னிரண்டு நிமிடம். எவ்வளவு நீளம் இது. அறிக்கையில் படிக்கும்போது முப்பத்தேழு நிமிடம் என்பது ஒரு சோம்பேறித்தனத்தின் அளவு, எங்கேயோ பீடி குடித்திருப்பான், போனில் பேசிக்கொண்டிருந்திருப்பான். சும்மா உட்கார்ந்திருக்கும் எனக்கே முதுகு கடுக்கிறது, கால் மரத்துப்போகிறது, அவர் கம்ப்ரஸருக்குப் பின்னால் அந்தச் சந்தில் மண்டி போட்டிருந்திருக்கிறார். பேனல் பொருத்தப் போனபோது பார்த்திருக்கிறேன், ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழையமுடியும், இரும்பு சூட்டில் கொதிக்கும். காவல் தகட்டைக் கழற்றவேண்டும், நாலு போல்ட், துருப்பிடித்தது. மோட்டாரைத் தளர்த்தவேண்டும். அறுந்ததை உருவ வேண்டும், ஸ்டோர் ரூமில் சரியான அளவு பெல்ட்டைத் தேடவேண்டும். மாட்டி, மோட்டாரை நெம்பி இழுத்துப் பிடித்து மறுபடி இறுக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் நெம்ப, ஒருவர் முறுக்க. அவர் ஒருத்தரே எதை வைத்து நெம்பினார், காலாலா. சத்தம் போட்டுக் கூப்பிட்டிருப்பாரா, யாரும் இல்லை. தொட்டியில் பால் சூடேறிக்கொண்டே இருப்பது அவருக்குத் தெரியும், நம்மை மாதிரி திரையில் வெப்பநிலை எண்ணைப் பார்த்து இல்லை, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் தெரியும். முப்பத்தேழு நிமிடத்தில் முடித்தார் என்றால் வேகமாக முடித்திருக்கிறார். யாராவது அவரைத் தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். இதை நான் சொல்லலாமா விசாரணையில், இல்லை, அது என் வேலை இல்லை, பெல்ட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்ததை மட்டும் சொன்னால்தான் தெரிந்ததை நம்புவார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்று. அதை அழுத்தமாகச் சொல்லப் போகிறேன். பூபதி குறுக்கே பேசுவார், பேசட்டும், போன மாசம் டெஸ்ட் எல்லாம் பாஸ் என்று அறிக்கை கொடுத்தீர்களே என்று கேட்பார், நான் அவராக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். பதில் இருக்கிறது. வெட்கமான பதில், ஆனால் இருக்கிறது.

பத்து நாற்பத்திரண்டு. பேனல் ப்ராசஸை நிறுத்தினேன், மாரப்பன் அணைத்துப் போட்ட மாதிரியே, முறையாக. வலது பக்கத்தில் வரிகள் கொட்டின. பத்து நாற்பத்திரண்டு மூன்று நொடி, ஷிஃப்ட் ஏறினேன். பத்து நாற்பத்திரண்டு மூன்று நொடி, தொட்டியைக் கலக்கினேன். பத்து நாற்பத்திரண்டு மூன்று நொடி, பார்த்துவிட்டேன். இடது பக்கத்தில் அதே சொல் பத்து ஏழில் நிற்கிறது. இரண்டையும் ஒரே படமாகப் பிடித்தேன், அச்சடித்தேன், பிரிண்டர் வழக்கம்போல ஒரு தாளை மடித்துத் தின்றது, இரண்டாவது தாள் நன்றாக வந்தது. ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வந்தது, பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. என் தப்பை நானே பிடித்ததில் எனக்கு எப்போதும் ஒரு திமிர் உண்டு.

பதினொன்று ஐந்துக்கு வீடியோவில் சேர்த்தார்கள். மேஜை, மின்விசிறி, பூபதி, அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தவர்தான் மாரப்பனாக இருக்கவேண்டும், நினைத்ததைவிட ஒல்லி, காக்கிச் சட்டையை இன் பண்ணியிருந்தார், வலது கையில் இரண்டு விரலுக்குச் சேர்த்துத் துணிக்கட்டு. கதிர்வேல் சார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்கவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை. சார், ஆபரேட்டர் பொத்தானை எட்டு ஐம்பத்தொன்றுக்கு அமுக்கினார்னு எங்க அறிக்கை சொல்றது தப்பு. அது அவர் அமுக்கின நேரம் இல்லை, பெட்டியை அணைச்ச நேரம். அந்தத் தப்பைப் பண்ணினது நான். படத்தைக் காட்டினேன், பதினோரு வரியைக் காட்டினேன், ஒரு நொடியில் பதினோரு பொத்தான் அமுக்கமுடியுமா, நீங்களே மேஜையில் தட்டிப் பாருங்கள் என்றேன். அவர் நிஜமாகவே தட்டிப் பார்த்தார். நாலுக்கு மேல் வரவில்லை. "போன மாசம் எல்லா டெஸ்ட்டும் பாஸ்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க?" ஆமா சார், நான்தான். அந்த டெஸ்ட் பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்கலை. "அப்ப உங்க பொட்டி வேற எதுல எல்லாம் இப்படி எழுதியிருக்கு?" பொத்தான்ல மட்டும்தான் சார், வெப்பநிலை அதிகபட்சம் ஒரு நிமிஷம் தள்ளி வரும், இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ரெண்டையும் சரி பண்ணி, பைப்லயும் ஓட்டிப் பார்த்து, நானே நேர்ல வந்து ஏத்தித் தர்றேன். பூபதி கதிர்வேல் சாரைப் பார்த்தார். "என்னங்க இது?" கதிர்வேல் சார் கண்ணாடியைத் தொடவில்லை. "அவங்க சொல்றதுதாங்க. லெட்டர்ல நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆறு ஸ்டேசன் விசயம் உங்க இஷ்டம்" என்றார். பூபதி பேனாவை மூடி வைத்தார், பிறகு திரும்பாமலேயே, "மாரப்பா, நீ வெளிய இரு. லெட்டர் வரட்டும், கூப்பிடறேன்" என்றார்.

"இல்லீங்க" என்றார் மாரப்பன். போனில் கேட்ட அதே மெல்லிய குரல்தான், ஆனால் நகரவில்லை. "இங்கயே நிக்கறனுங்க. என்னையப் பத்தி எழுதறதை இந்தத் தடவ படிச்சுக் காட்டச் சொல்லுங்க." பூபதி கையை என் பக்கம் காட்டினார், சரி, படியுங்கள். நான் கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன், ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் சத்தமாகப் படித்தேன், அவர் தலையை ஆட்டியபடி கேட்டார், அவர் தலை அசைந்த பிறகு அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். கம்ப்ரஸர் நின்ற நேரம் எட்டு பதினாலு. சரிங்க. அறிக்கையில் வந்த எட்டு ஐம்பத்தொன்று எங்கள் மென்பொருளின் பிழை. சரிங்க. திரு. மாரப்பன் அபாய அறிவிப்பை ஏறக்குறைய எட்டு பதினாறு மணிக்கு ஏற்று, உடனடியாக. "பதினஞ்சுங்க" என்றார். நான் நிறுத்தினேன். "பதினாறு இல்லீங்க மேடம். எட்டு பதினஞ்சு. எரிஞ்சதும் எந்திரிச்சுட்டன், அமுக்கறப்ப கடிகாரத்தைப் பார்த்தன்." பூபதி சலித்துக்கொண்டார், ஒரு நிமிஷத்துல என்ன இப்போ. எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது, பதினாறு என்பது நான் சோதனைக்காக வைத்துக்கொண்ட கணக்கு, அதைக் கை பாட்டுக்கு எழுதியிருக்கிறேன், ஆனால் பதினைந்து என்பதற்கும் சான்று கிடையாது, அந்த நேரம் பையோடு போய்விட்டது, எந்தக் கோப்பிலும் இனி கிடைக்காது. அதை அவரிடம் சொன்னேன். ஐயா, பதினஞ்சுன்னு எங்ககிட்ட பதிவு இல்லைங்களே. மாரப்பன் கொஞ்சம் யோசித்தார், நான் கேட்டது நியாயமான கேள்வி என்பது மாதிரி. "பதிவு இல்லீங்க, செரி" என்றார். "நான் இருந்தனுங்களே."

பதினாறை அழித்தேன். எட்டு பதினைந்து என்று எழுதி, ஆபரேட்டர் நேரில் கூறியபடி என்று சேர்த்து, வாக்கியத்தை முதலிலிருந்து படித்துக் காட்டினேன்.